பழைய வேட்டி போதும், போட்டோ பளிச்சுன்னு வரும்



சில வாரங்களுக்கு முன் ஒரு குழுவின் கடன் விண்ணப்பங்களைச் சரிபார்க்க உட்கார்ந்திருந்தோம். 12 பேரில் 3 பேருடைய போட்டோ சரியில்லை என்று திரும்பி வந்திருந்தது. ஒருவர் படத்தில் பின்னால் நெல் மூட்டை. இன்னொருவர் முகத்தில் பாதி, கதவு நிழல். மூன்றாவது அக்காவுக்குச் சேலையும் வெள்ளை, சுவரும் வெள்ளை. தோள் எங்கே முடியுது, சுவர் எங்கே ஆரம்பிக்குதுன்னே தெரியலை.

"இதுக்காக இன்னொரு நாள் கூலியை விட்டுட்டு டவுனுக்குப் போகணுமா மேடம்?" என்று ஒரு அக்கா கேட்டார். நியாயமான கேள்விதான். மூன்று பேரும் போக வேண்டாம் என்று முடிவு செய்து, அன்றைக்கே வீட்டில் இருந்த பொருட்களைக் கொண்டு ஒரு திரை கட்டினோம். அதை நீங்களும் கட்டலாம்.

தேவையான பொருட்கள்

8 முழ வெள்ளை வேட்டி ஒன்று. பழசு என்றாலும் கிழிசல், கறை இல்லாமல் இருக்க வேண்டும். நீலம் அதிகமாகப் போட்ட வேட்டி வேண்டாம், படத்திலும் நீலம் தெரியும். 5 அடி நீளத்தில் இரண்டு கம்புகள், கொஞ்சம் கயிறு, துணி காயப்போடும் கிளிப் ஆறு, ஒரு ஸ்டூல், ஒரு வெள்ளைத் துண்டு. கயிறும் கிளிப்பும் மட்டும்தான் நாங்கள் காசு கொடுத்து வாங்கினோம்.

கட்டும் முறை

வேட்டியை நன்றாக இஸ்திரி போடுங்கள். சுருக்கம் இருந்தால் படத்தில் கோடு கோடாகத் தெரியும். பிறகு 4 முழமாக இரண்டாக மடித்து, மடிப்புக்குள் ஒரு கம்பை நுழையுங்கள். தையலே தேவையில்லை. கம்புக்குக் கீழே கிளிப் மாட்டினால் துணி நழுவாது. இரண்டு மடிப்பாகத் தொங்குவதால் பின்னால் இருக்கும் சுவரோ ஜன்னலோ துணி வழியாகத் தெரியாது. கீழ் ஓரத்தை இன்னொரு கம்பில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கிளிப் போட்டு விடுங்கள். அந்தக் கனத்தில் துணி விறைப்பாக நிற்கும். மேல் கம்பை உத்திரத்திலோ இரண்டு தூணிலோ கட்டிவிட்டால் திரை தயார். வேட்டிக் கரை இரண்டு பக்கமும் ஓரத்தில் இருக்கும், படத்துக்குள் வராது.

எங்கே கட்டுவது?

வெயில் நேராக விழாத திண்ணை அல்லது வராந்தா நல்லது. உட்காருபவர் முகம் வாசல் பக்கம், வெளிச்சத்தைப் பார்த்து இருக்க வேண்டும். முதுகுப் பக்கம் வெளிச்சம் இருந்தால் முகம் கறுத்துவிடும். நடு வெயிலில் உட்கார வைத்தால் கண் கூசிச் சுருங்கும். காலை 8 மணி முதல் 10 மணி வரை, மாலை 4 மணிக்கு மேல் எடுத்தால் சரியாக வரும். நீலத் தார்ப்பாய்ப் பந்தலுக்குக் கீழே மட்டும் எடுக்காதீர்கள். முகமெல்லாம் நீலமாகிவிடும்.

எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை

* ஸ்டூலைத் திரையை ஒட்டிப் போடக் கூடாது. 3 அடி முன்னால் போடுங்கள். அப்போதுதான் தலை நிழல் துணியில் விழாது.
* மடியில் வெள்ளைத் துண்டை விரியுங்கள். அதில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கண்ணுக்கும் தாடைக்கும் கீழே உள்ள இருட்டைக் குறைக்கும். துண்டு படத்தில் விழாமல் பார்த்துக் கொள்ளுங்கள்.
* எடுப்பவர் 5 அடி தள்ளி நின்று, உட்கார்ந்திருப்பவரின் கண் உயரத்தில் போனைப் பிடிக்க வேண்டும். கிட்டப் போனால் மூக்கு பெரிதாகத் தெரியும். பின்பக்கக் கேமராவில் எடுங்கள். ஃப்ளாஷ் வேண்டாம்.
* பின்னால் வெள்ளை அதிகம் இருப்பதால், வெளிச்சம் கூடிப்போச்சு என்று போன் தானாகவே படத்தை இருட்டாக்கும். அதனால் திரையில் முகம் தெரியும் இடத்தை விரலால் தொடுங்கள். பெரும்பாலான போன்களில் ஒரு சூரியக் குறி வரும். முகம் தெளிவாகும் வரை அதை மேலே தள்ளுங்கள்.
* முகத்தை வெளுப்பாக்கும் பியூட்டி வசதியை நிறுத்திவிடுங்கள். நம் நிறம் உள்ளபடி தெரிந்தால் போதும். ஆளும் படமும் ஒன்றாக இருந்தால்தான் விண்ணப்பமும் நிற்கும்.
* வெள்ளைச் சேலை கட்டுபவர்கள் கலர் சால்வை போர்த்திக் கொள்ளலாம்.

பிரிண்ட் போடும்போது

பாஸ்போர்ட் அளவு என்பது பொதுவாக 3.5 செ.மீ. அகலம், 4.5 செ.மீ. உயரம். 4க்கு 6 இஞ்ச் தாள் ஒன்றில் 8 படம் அடங்கும். சில படிவங்களில் வேறு அளவு கேட்பார்கள், முதலில் படித்துப் பாருங்கள். ஆதாருக்கு மையத்திலேயே எடுப்பார்கள், நம் படம் தேவையில்லை. 12 பேர் படத்தையும் ஒரே போனில் எடுத்துக்கொண்டு ஒருவர் டவுனுக்குப் போய் வந்தால் போதும். மற்ற 11 பேருக்குக் கூலி மிச்சம். வாட்ஸ்அப்பில் கடைக்கு அனுப்புவதென்றால் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்புங்கள், தெளிவு குறையாது.

ஒன்று முக்கியம். வேலை முடிந்ததும் படம் அவரவர் போனுக்குப் போக வேண்டும், எடுத்தவர் போனிலிருந்து அவர்கள் முன்னாலேயே அழிக்க வேண்டும். கேட்காமல் யார் படத்தையும் குரூப்பில் போடக் கூடாது. வயசுப் பிள்ளைகள் படம் என்றால் இன்னும் கவனம் தேவை.

கடைசியாக ஒரு விஷயம்

என் அப்பாயி இறந்த அன்று மாலை போட ஒரு படம் இல்லை. வாக்காளர் அட்டையில் இருந்த சின்னப் படத்தைப் பெரிதாக்கினோம். கண் இருக்கும் இடத்தில் இரண்டு புள்ளிதான் தெரிந்தது. இன்றைக்கும் எங்கள் வீட்டுச் சுவரில் அதுதான் இருக்கிறது.

அன்று அந்த மூன்று பேருக்கும் எடுத்து முடித்தபோது, ஒரு உறுப்பினரின் மாமியார் திண்ணை ஓரத்தில் நின்று பார்த்துக் கொண்டிருந்தார். "கிழவிக்கு எதுக்கு போட்டோ?" என்றார். மருமகள் விடவில்லை. வேட்டியை இறக்கிவிட்டு, ஒரு கரும்பச்சை நூல் சேலையை அதே கம்பில் தொங்கவிட்டார். இந்த மாதிரிப் படத்துக்கு மினுமினுப்பு இல்லாத அடர்ந்த நிறம்தான் நன்றாக இருக்கும், நரைத்த முடியும் வெள்ளைச் சேலையும் எடுப்பாகத் தெரியும். அந்த அம்மா போனை வாங்கி ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "எங்கம்மா மாதிரியே இருக்கேன்" என்றார். அவருடைய அம்மாவுக்குப் படம் கிடையாதாம்.

அடுத்த சேமிப்புக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். குழுவுக்கு ஒரு திரை போதும், ஊக்குநர் வீட்டில் சுருட்டி வைக்கலாம். முதலில் விண்ணப்பத்துக்கு எடுங்கள். அன்றைக்கே வீட்டில் இருக்கும் வயதானவர்களையும் கூட்டி வந்து உட்கார வையுங்கள்.