மனசுக்கும் ஓ.பி. சீட்டு உண்டு

போன ஆடி மாதம் ஒரு ராத்திரி. பத்தரை மணி இருக்கும். எங்கள் தெருக்கோடியில் இட்லிக் கடை வைத்திருக்கும் அக்கா வாசலில் வந்து நின்றார். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை. "பையன் நாலு நாளாத் தூங்கலைங்க. ராத்திரி பூரா நடக்குறான். யாரோ காதுல பேசுறாங்கங்கிறான். கீழ்ப்பாக்கத்துக்குத்தான் கொண்டு போகணுமா?" என்றார்.

எங்கள் ஊர் திருச்சி மாவட்டத்தில் ஒரு தாலுகா ஊர். கீழ்ப்பாக்கம் 300 கிலோமீட்டருக்கும் மேலே. வேனுக்கு எவ்வளவு ஆகும், கடையை யார் திறப்பது, சொந்தபந்தத்துக்கு என்ன சொல்வது என்று எல்லாக் கணக்கையும் போட்டுவிட்டுத்தான் அவர் வந்திருந்தார். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அவருக்குத் தெரியாதது ஒன்றே ஒன்றுதான். அவர் கடையிலிருந்து நடந்தே போகிற தூரத்தில் இருக்கும் அரசு ஆஸ்பத்திரிக்கு மனநல மருத்துவர் வந்து போகிறார்.

படிக்காதவர் என்பதால் இது தெரியாமல் போகவில்லை. எனக்குப் பழக்கமான ஆசிரியர்கள், வங்கி அதிகாரிகள் பலருக்கும் தெரியாது. உங்களுக்கும் தெரியாமல் இருக்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. டீயை எடுத்துக்கொள்ளுங்கள், படிப்படியாகப் பார்ப்போம்.

அந்த அக்காவின் வாயில் முதலில் வந்த கீழ்ப்பாக்கத்திலிருந்தே தொடங்கலாம். அங்கே இருக்கும் சென்னை மனநல மருத்துவமனையின் வரலாறு 1794-இல் தொடங்குகிறது. இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக, வேறெங்கும் இடம் கிடைக்காத எத்தனையோ பேரைத் தாங்கிய இடம் அது. ஆனால் அந்த ஊர்ப் பெயரை நாம் ஒரு வசைச் சொல்லாக மாற்றிவிட்டோம். பள்ளிக்கூடத்திலும் சினிமாவிலும் "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்று சொல்லிச் சிரித்தோம். சிரிப்போடு சேர்ந்து ஒரு நம்பிக்கையும் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது: மனநோய் என்றால் கீழ்ப்பாக்கம், கீழ்ப்பாக்கம் என்றால் பூட்டிய அறை, உள்ளே போனவர் திரும்பமாட்டார்.

இந்த நம்பிக்கையின் பாதிப்பு எங்கே விழுகிறது என்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கிளம்பினால் கீழ்ப்பாக்கம்தான் என்று நினைக்கிறவர் கிளம்பவே மாட்டார். தூக்கம் கெட்ட முதல் வாரத்தில், சோறு இறங்காத முதல் மாதத்தில், "இதுக்குப் போய் அங்கயா?" என்று ஒத்திப்போடுவார். நோய் முற்றி, கையைக் காலைக் கட்டித்தான் ஏற்ற வேண்டும் என்ற நிலை வரும்போதுதான் வண்டி பிடிப்பார். அப்படி ஏற்றிப்போவதைத் தெரு முழுக்க வேடிக்கை பார்க்கும். "பார்த்தியா, மனநோய்னா இப்படித்தான்" என்று எல்லோருக்கும் உறுதியாகிவிடும். காய்ச்சலுக்கு யாரும் நேரே சென்னைக்கு ரயில் ஏறுவதில்லை. மனசு விஷயத்தில் மட்டும், கடைசிப் படியே முதல் படி என்று நம்பிவிட்டோம்.

உண்மையில் ஏற்பாடு எப்படி இருக்கிறது? காவிரிப் பாசனத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மேட்டூரில் அணை இருக்கிறது என்பதற்காக நாம் குடத்தை எடுத்துக்கொண்டு மேட்டூருக்குப் போவதில்லை. ஆறு, வாய்க்கால், மடை என்று பிரிந்து பிரிந்து தண்ணீர் நம் வயலுக்கு வருகிறது. கீழ்ப்பாக்கம் அணை என்றால், மாவட்டத் தலைமை மருத்துவமனையும் அரசு மருத்துவக் கல்லூரியும் ஆறு. தாலுகா ஆஸ்பத்திரியும் ஆரம்ப சுகாதார நிலையமும் வாய்க்கால், மடை.

இந்த வாய்க்காலை வெட்டும் வேலைக்கு மாவட்ட மனநலத் திட்டம் என்று பெயர். 1982-இல் தேசிய மனநலத் திட்டம் வந்தது. பெங்களூர் நிமான்ஸ் மனநல நிறுவனத்தார் கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில், மனநலச் சிகிச்சையைச் சாதாரண சுகாதார நிலையங்கள் வழியாகவே கொடுக்க முடியுமா என்று சோதித்துப் பார்த்தார்கள். முடிந்தது. அதை மாதிரியாக வைத்து 1996-இல் நாட்டிலேயே நான்கு மாவட்டங்களில் திட்டம் தொடங்கியது. அந்த நான்கில் ஒன்று திருச்சி. எங்கள் மாவட்டம்தான்! கால் நூற்றாண்டு கடந்தும் எங்கள் தெருவுக்கு அந்தச் சேதி வந்து சேரவில்லை என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது.

இப்போது திட்டம் தமிழ்நாடு முழுக்க இருக்கிறது. மாவட்டத்துக்கு ஒரு குழு. மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர், செவிலியர் போன்றவர்கள் அதில் இருப்பார்கள். மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து அதற்குமேல் மனநோய்க்கென்றே படித்தவர், மாத்திரை எழுதுவார். உளவியலாளர் பேச்சாலும் பயிற்சியாலும் சிகிச்சை தருவார். சமூகப் பணியாளர் வீட்டையும் வேலையையும் விசாரித்து, விட்டுப்போனதை ஒட்டவைப்பார். இந்தக் குழு குறிப்பிட்ட நாட்களில் தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கு வந்து போகும்.

அந்த அறை எப்படி இருக்கும் என்று கேட்பீர்கள். அக்காவோடு நானும் போயிருந்தேன். மற்ற நோய்களுக்கு நிற்கும் அதே வரிசை, அதே ஓ.பி. சீட்டு. சர்க்கரைக்கு வந்தவருக்கும் மூட்டுவலிக்கு வந்தவருக்கும் நடுவில் நின்றோம். கம்பியும் இல்லை, பூட்டும் இல்லை. ஒரு மேசை, மூன்று பிளாஸ்டிக் நாற்காலி, ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம். மருத்துவர் பையனிடம் முதலில் கேட்டது, "தூக்கம் எப்படிப்பா இருக்கு?" அடுத்தது, "சாப்பாடு?" காதில் கேட்கும் குரலைப் பற்றி அதற்குப் பிறகுதான் கேட்டார். கேட்டபோதும் "அப்படியெல்லாம் எதுவும் இல்ல" என்று மறுக்கவில்லை. "அந்தச் சத்தம் உனக்குக் கஷ்டமா இருக்கா?" என்றார். பையன் தலையை ஆட்டினான். நாலு நாளில் அவன் ஒருவர் பேச்சுக்குத் தலையாட்டியது அப்போதுதான் என்று அக்கா வெளியே வந்து சொன்னார்.

ரேடியோவில் இரண்டு ஸ்டேஷன் சேர்ந்து கேட்பதுபோல, மூளை தானாகவே கிளப்பும் ஓசை வெளியிலிருந்து வருவதாகத் தோன்றும் நிலை அது. மாத்திரை அந்த இரண்டாவது ஸ்டேஷனின் சத்தத்தைக் குறைக்கிறது. உடனே குறையாது, நாட்கள் ஆகும், சிலருக்கு வாரங்கள் ஆகும். இந்த இடத்தில்தான் பலர் "மாத்திரை கேட்கலை" என்று நிறுத்திவிடுகிறார்கள். இன்னும் சிலர், கொஞ்சம் குணமானதும் தாமாகவே நிறுத்திவிடுகிறார்கள். இரண்டும் வேண்டாம். மாத்திரைக்கு அரசு ஆஸ்பத்திரியில் காசு வாங்குவதில்லை.

சரி, மருத்துவர் வருகிற நாள் செவ்வாய் என்று வைத்துக்கொள்வோம். நெருக்கடி வெள்ளிக்கிழமை ராத்திரி வந்தால்? அதற்குத்தான் தொலைபேசி. 2022 அக்டோபர் 10-இல் டெலி-மானஸ் என்ற தேசிய சேவை தொடங்கியது. எண் 14416. தமிழ்நாட்டில் இதற்கு 'நட்புடன் உங்களோடு' என்று பெயர். பகலோ இரவோ எந்நேரமும் கூப்பிடலாம், கட்டணம் கிடையாது, தமிழில் பேசலாம். முதலில் எடுப்பவர் பயிற்சி பெற்ற ஆலோசகர். அவரால் முடியாததை மனநல மருத்துவருக்கோ உளவியலாளருக்கோ மாற்றிவிடுவார். நோயாளிதான் பேசவேண்டும் என்றில்லை. அவரை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாத அம்மாவும் பேசலாம். அன்று ராத்திரி அக்கா அந்த எண்ணில்தான் பேசினார், என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து.

உயிருக்கே ஆபத்து என்ற நிலை இருந்தால் 108-ஐக் கூப்பிட்டு நேரே பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம். மனநல மருத்துவர் இல்லாத நேரம் என்று தயங்க வேண்டாம். பதிவு பெற்ற எந்த மருத்துவரும் அவசரத்துக்கு 72 மணி நேரம் வரை சிகிச்சை தரலாம் என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. "போலீஸ் கேஸ் ஆகிடுமோ" என்று பயந்துதான் பல வீடுகளில் தற்கொலை முயற்சியை மறைக்கிறார்கள். அப்படி முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதவேண்டும், தண்டிக்கக் கூடாது, பராமரிப்பும் மறுவாழ்வும் தரவேண்டியது அரசின் கடமை என்பது அதே சட்டத்தின் 115-ஆம் பிரிவு.

நெருக்கடி என்பதை எங்கள் பக்கத்தில் ஆற்று வெள்ளத்தை வைத்துப் புரிந்துகொள்வது சுலபம். தண்ணீர் கரையின் விளிம்புக்கு ஏறும்போது ஊரே பதறும். ஆனால் அந்த உச்சம் சில மணி நேரம்தான். அதுவரை மணல் மூட்டை அடுக்கிக் கரையைக் காத்துவிட்டால், வெள்ளம் வடிந்துவிடும். சாகவேண்டும் என்ற எண்ணமும் பலருக்கு அப்படித்தான் ஏறி, அப்படித்தான் வடிகிறது. கூட உட்கார்ந்திருப்பவர்தான் மணல் மூட்டை. "செத்துப்போகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. அவர் தனியாகத் தூக்கிக்கொண்டிருந்த பாரத்தை இறக்கிவைக்க இடம் கிடைக்கிறது.

மணல் மூட்டை எல்லாம் ஆஸ்பத்திரிக்குள் இருப்பதில்லை என்பதுதான் இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சென்னையில் 1986-இல் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய சிநேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பு, கடலூர் மாவட்டத்தில் காட்டுமன்னார்கோயில் பகுதிக் கிராமங்களில் ஒரு வேலை செய்தது. விவசாயிகள் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பொது இடத்தில் வைத்துப் பூட்டிக்கொள்ள, வங்கி லாக்கர்போலப் பெட்டிகள் அமைத்துக் கொடுத்தார்கள். ஒரு சாவி விவசாயியிடம், இன்னொரு சாவி பொறுப்பாளரிடம். ஆத்திரத்தில் எழுந்து போகிற மனிதனுக்கும் மருந்துக்கும் நடுவில் நாலு தெரு தூரமும் இன்னொரு மனிதரும் வந்துவிடுகிறார்கள். அதற்குள் வெள்ளம் வடிய நேரம் கிடைக்கிறது. பத்தாவது, பன்னிரண்டாவதில் தவறிய பிள்ளைகளுக்கு ஒரு வருடத்தை இழக்காமல் உடனே துணைத்தேர்வு எழுத வழி இருக்கிறதே, அதுவும் இப்படி ஒரு மூட்டைதான். அதைக் கேட்டு வாங்குவதிலும் சிநேகாவின் குரல் இருந்தது.

இதையெல்லாம் நாம் சும்மா பெற்றுவிடவில்லை. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி விடியற்காலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் அதைத் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியில் கட்டக் கூடாது என்று இன்றைய சட்டத்தில் இருக்கும் ஒரு வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த 28 பேர் நினைவுக்கு வருகிறார்கள்.

தெருவில் ஆதரவில்லாமல் திரிகிறவர்களுக்கும் அதே சட்டத்தில் வழி இருக்கிறது. காவல் துறையினர் அவர்களை லாக்கப்பில் வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அப்படி வருகிறவர்களைக் குளிப்பாட்டி, சிகிச்சை தந்து, ஊரைக் கண்டுபிடித்து அனுப்பிவைக்கும் அவசர சிகிச்சை, மீட்பு மையங்கள் தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளோடு சேர்ந்து இயங்குகின்றன.

குறைகள் இல்லாமல் இல்லை. ஒரே மருத்துவர் பல ஊர்களைச் சுற்றவேண்டியிருக்கிறது. வரிசை நீளம்; உட்கார்ந்து பேசும் நேரம் குறைவு. எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிய குறையாகப் படுவது, எந்த நாள் எந்த அறை என்று ஊருக்குள் ஒரு பலகை இல்லாததுதான். போலியோ சொட்டு மருந்துக்கு ஆட்டோவில் மைக் கட்டிச் சொன்ன ஊர்களுக்கு இது முடியாத காரியமில்லை. பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் இரண்டு வரி எழுதினால் போதும். கிராம சபையில் ஒருவர் எழுந்து கேட்டாலும் நடக்கும்.

அக்காவின் பையன் இப்போது காலையில் மாவு வண்டி தள்ளுகிறான். மாத்திரை தொடர்கிறது. இடையில் ஒருமுறை நிறுத்திவிட்டுத் திரும்பவும் சிரமப்பட்டான். அதே அறைக்கே திரும்பப் போனார்கள்.

நாளைக்கு அந்தப் பக்கம் போகும்போது, உங்கள் ஊர் அரசு ஆஸ்பத்திரியில் சீட்டுக் கொடுக்கும் இடத்தில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "மனநல டாக்டர் எந்தக் கிழமை வருவாங்க, எந்த ரூம்?" பதிலை 14416 என்ற எண்ணோடு சேர்த்து, வீட்டில் கேஸ் நம்பர் எழுதி ஒட்டியிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். பக்கத்து வீட்டிலும் சொல்லுங்கள்.