உஷார்! ‘இப்ப சும்மா படிப்பியுங்கோ, நியமனம் பிறகு வரும்’

பரந்தன் சந்தியைச் சுற்றிக் குமரபுரம், சிவபுரம், உமையாள்புரம், முல்லைத்தீவு வீதியால் போனால் தர்மபுரம் வரைக்கும், உயர்தரம் முடித்த பிள்ளையோ பட்டம் எடுத்த பிள்ளையோ இருக்கிற வீட்டுக்காரர் தயவுசெய்து இதைக் கடைசிவரை வாசியுங்கள். பிள்ளையைத் ‘தொண்டர் ஆசிரியராக’ வந்து நிற்கச் சொல்லி யாராவது கேட்டால் உடனே ஓம் சொல்லிவிடாதீர்கள். நியமனம் எடுத்துத் தருகிறேன் என்று காசு கேட்டால் படலையைச் சாத்துங்கள்.

நடப்பது எல்லாருக்கும் தெரிந்த கதைதான். வன்னிப் பாடசாலைகளில் கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலத்துக்கு ஆசிரியர் தட்டுப்பாடு. யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகும் ஆசிரியர் இடமாற்றம் எடுத்துக்கொண்டு போய்விடுவார். வகுப்பு வெறுமனே கிடக்கும். அதிபர் ஊருக்குள் பார்ப்பார். பட்டம் முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளை கண்ணில் படுவாள். “பிள்ளை, இப்ப சும்மா படிப்பியுங்கோ, நியமனம் பிறகு வரும்” என்பார். பாடசாலை அபிவிருத்திச் சங்கம் ஏதோ போக்குவரத்துச் செலவுக்குக் கொடுக்கும், இல்லையென்றால் அதுவும் இல்லை. அந்த அதிபர் பெரும்பாலும் நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் நியமனம் கொடுக்கிற அதிகாரம் அவரிடம் இல்லை. வலயக் கல்விப் பணிப்பாளரிடமும் இல்லை. இல்லாத ஒன்றை நம்பி ஒரு பிள்ளை இருபத்தைந்து வயதிலிருந்து முப்பத்தைந்து வரை சேலை கட்டிக்கொண்டு போய் வருகிறாள் என்பதை நினைக்கவே நெஞ்சு பதறுகிறது.

முன்பு கிடைத்ததே என்று கேட்பீர்கள். உண்மை. போர்க்காலத்தில் வன்னியில் எத்தனையோ பாடசாலைகளைத் தூக்கி நிறுத்தியவர்கள் தொண்டர் ஆசிரியர்கள்தான். அவர்களில் ஒரு பகுதியினருக்குப் பின்னர் நிரந்தர நியமனம் கிடைத்தது. எப்படிக் கிடைத்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வீதியில் இருந்து போராடினார்கள், அமைச்சரவை அனுமதிக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள், நேர்முகத் தேர்வுக்குப் போனார்கள். அங்கே வரவு இடாப்பைக் கேட்டார்கள், சம்பவத் திரட்டுப் புத்தகத்தைக் கேட்டார்கள், நேரசூசியில் பெயர் இருக்கிறதா என்று பார்த்தார்கள். 2008, 2009 இடப்பெயர்வில் பாடசாலையே அழிந்துபோன இடத்தில் இடாப்புக்கு எங்கே போவது? உண்மையாகப் படிப்பித்தவர் பதிவு இல்லாமல் வெறுங்கையோடு திரும்பியதும் நடந்தது. அது ஒரு விசேட காலத்தின் விசேட தீர்வு. இன்னொரு தடவை வரும் என்று எந்தச் சட்டமும் வாக்குக் கொடுக்கவில்லை.

இப்போது இருப்பது இலங்கை ஆசிரியர் சேவைப் பிரமாணக் குறிப்பு. 2014 ஒக்டோபரில் வந்தது. அதன்படி எங்கள் பிள்ளைகளுக்கு முக்கியமான வாசல் இரண்டு. ஒன்று, உயர்தரப் பெறுபேற்றின் இசட் புள்ளியோடு தேசிய கல்வியியற் கல்லூரிக்குப் போவது. எங்களுக்கு அருகில் வவுனியா பூந்தோட்டத்தில் ஒன்று இருக்கிறது, யாழ்ப்பாணத்தில் ஒன்று இருக்கிறது. இரண்டு வருடம் விடுதியில் இருந்து படிப்பு, மூன்றாம் வருடம் பாடசாலையில் கட்டுறு பயில்வு, முடிவில் தேசிய கற்பித்தல் டிப்ளோமா, அதன் பிறகு நியமனம். மற்ற வாசல் பட்டதாரிகளுக்கு: வெற்றிடத்துக்கு வர்த்தமானி அறிவித்தல், போட்டிப் பரீட்சை, நேர்முகத் தேர்வு, செயன்முறைப் பரீட்சை. மாகாணப் பாடசாலைக்கான நியமனம் மாகாணப் பொதுச் சேவை ஆணைக்குழுவின் கீழ் வரும். பட்டப்பின் கல்வி டிப்ளோமாவைச் சேவைக்குள் போன பிறகும் செய்யலாம்.

இந்த வாசல்களில் வயதெல்லை இருக்கிறது என்பதுதான் என்னைப் பயமுறுத்துகிறது. பட்டதாரிக்குப் பொதுவாக 35. கல்வியியற் கல்லூரிக்கு அதைவிட நன்றாகக் குறைவு. அவ்வப்போது தளர்வு கொடுத்ததுண்டு. அதை நம்பி வாழ்க்கையைத் திட்டமிட முடியாது. எனவே ஒவ்வொரு வருடத்தையும் கவனியுங்கள். தொண்டராக நின்று களைத்துப்போன பிள்ளை, வர்த்தமானி வந்ததே தெரியாமல் இருந்துவிடுவாள்; தெரிய வரும்போது முடிவுத் திகதி போயிருக்கும். அந்தப் பிள்ளை இழப்பது சம்பளத்தை மட்டுமா?

அரசாங்கமே சேர்த்தவர்களின் கதையையும் பாருங்கள். 2020இல் பட்டதாரிகளை மாதம் 20,000 ரூபாய் கொடுப்பனவோடு பயிலுநர்களாக எடுத்து, பின்னர் அபிவிருத்தி உத்தியோகத்தர் ஆக்கினார்கள். அவர்களில் பலர் பாடசாலைகளில் இணைக்கப்பட்டு வகுப்பெடுத்தார்கள். ஆசிரியர் சேவைக்குள் உள்வாங்குங்கள் என்று கேட்டார்கள். அதற்காக 2023 மார்ச்சில் நடக்கவிருந்த போட்டிப் பரீட்சை உயர் நீதிமன்றத்தின் இடைக்காலத் தடையால் நின்றது. கையில் அரச நியமனக் கடிதம் இருந்தவர்களுக்கே இந்த இழுபறி என்றால், அதிபரின் வாய்ச்சொல்லை மட்டும் வைத்திருக்கிற பிள்ளையின் நிலை என்ன?

அடுத்த ஆபத்து தரகர். இவர்கள் இப்படி ஏங்கிப்போன வீடுகளைத்தான் தேடி வருகிறார்கள். “அமைச்சில எனக்கு ஆள் இருக்கு அம்மா, பிள்ளையின்ர சேர்ட்டிபிக்கேட் கொப்பியும் அட்வான்ஸும் தாங்கோ, லிஸ்ட் மேல போகப்போகுது” என்பார்கள். தாய் நகையை அடகு வைப்பார், தகப்பன் இரணைமடு வாய்க்கால் தண்ணீரில் விளைந்த சிறுபோக நெல்லை விற்றுக் கொடுப்பார். பிறகு தொலைபேசி எடுபடாது. இன்னும் மோசமான ஒரு வகை, பின்திகதியிட்ட சேவைக் கடிதம் எடுத்துத் தருகிறோம் என்பவர்கள். அதை வாங்காதீர்கள். பொய்க் கடிதத்தைக் காட்டி உள்ளே போனாலும் அது பிடிபடும் நாளில் வேலை போகும், வழக்கு வரும். பெயர் போவது தனி.

காசு கொடுத்து வாங்கிய ஆசிரியர் வேலை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு மேற்கு வங்காளத்தைப் பாருங்கள். அங்கே 2016ஆம் ஆண்டுத் தேர்வு வழியாக அரச பாடசாலைகளுக்கு எடுத்த 25,000இற்கும் மேற்பட்ட ஆசிரியர், ஊழியர் நியமனங்களை 2025 ஏப்ரலில் இந்திய உச்ச நீதிமன்றம் ஒரேயடியாக இரத்துச் செய்தது. முறைகேட்டில் நுழைந்ததாக அடையாளம் காணப்பட்டவர்கள் வாங்கிய சம்பளத்தையும் திருப்பிக் கட்ட வேண்டும் என்றது. ஒரு சதமும் கொடுக்காமல் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணியவர்களும் அந்த இரத்தில் அகப்பட்டார்கள். அவர்களின் கண்ணீருக்கு யார் பொறுப்பு?

மூன்றாவதாக டிப்ளோமாக் கடைகள். நோட்டீஸில் ‘ஆசிரியர் பயிற்சி டிப்ளோமா, அரச வேலைக்கு உகந்தது’ என்று போடுவார்கள். தேசிய கற்பித்தல் டிப்ளோமாவை எந்தத் தனியார் நிலையமும் தர முடியாது. பட்டமென்றால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்றுக்கொண்டதா என்று கேளுங்கள். தொழிற்பயிற்சி என்றால் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். முன்பள்ளிக்கான பயிற்சி முன்பள்ளிக்கே உரியது. அதை வைத்துக்கொண்டு ஆசிரியர் சேவைக்குள் போக முடியாது.

கனடாவில், லண்டனில் இருக்கிற சித்தப்பாமார் “இங்க சப்ளை டீச்சராப் போய்ப் போய்த்தான் எல்லாரும் நிரந்தரம் ஆனவை” என்று சொல்வார்கள். அந்த ஊரில் பதிலாளாகப் போகிறவருக்கு அன்றைய நாளுக்குச் சம்பளம் உண்டு. ஒன்ராறியோவில் என்றால் ஆசிரியர் கல்லூரி எனும் அமைப்பில் பதிந்த தகைமையும் கையில் இருக்கும். இங்கே அப்படியொரு பதவியே இல்லை. அவர்களின் அனுபவத்தை இங்கே பொருத்திப் பார்த்துப் பிள்ளையை மாட்டிவிடாதீர்கள். பக்கத்தில் பார்த்தாலும் இதே இழுபறிதான்: தமிழ்நாட்டில் 2012இல் மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்த பகுதிநேர ஆசிரியர்கள், பத்து வருடம் கடந்த பிறகும் பணி நிரந்தரம் கேட்டுப் போராடினார்கள். அவர்களிடம் அரச ஆணையாவது இருந்தது.

இப்போதே தொண்டராக நிற்கிற தங்கச்சிமாரே, தம்பிமாரே, நீங்கள் செய்வது பெரிய சேவை. நீங்கள் இல்லாவிட்டால் அந்த வகுப்பில் யாரும் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் உங்களை நீங்கள் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். இந்தக் கிழமையே அதிபரிடம் எழுத்தில் கேளுங்கள்: என்ன பாடம், எத்தனை பாடவேளை, எந்தத் திகதியிலிருந்து, கொடுப்பனவு எவ்வளவு. வரவு இடாப்பில் கையெழுத்து வையுங்கள். சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் பெயர் ஏறச் செய்யுங்கள். போட்டோப் பிரதி எடுத்து வீட்டில் வையுங்கள். கிழமையில் இரண்டு நாளுக்கு மேல் போகாதீர்கள், மிச்ச நாள் போட்டிப் பரீட்சைக்குப் படியுங்கள். வெள்ளிக்கிழமைகளில் வர்த்தமானி வருகிறது, அதற்கு ஒருவருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை, போனிலேயே பார்க்கலாம். பரீட்சை பற்றிய சந்தேகத்துக்கு பரீட்சைத் திணைக்களத்தின் 1911, கல்வி அமைச்சின் 1988 என்ற தொலைபேசி இலக்கங்கள் இருக்கின்றன.

ஏற்கெனவே காசு கொடுத்துவிட்டீர்களா? வெட்கத்தில் மூடி வைக்காதீர்கள். மிச்சக் காசைத் தந்தால் வேலை முடியும் என்று அடுத்த தடவை கேட்பார்கள், கொடுக்காதீர்கள். வங்கிச் சிட்டை, குறுஞ்செய்தி, வட்சப் குரல் பதிவு எதையும் அழிக்காதீர்கள். அரச அலுவலகத்தில் உள்ளவர் கேட்டிருந்தால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இலக்கம் 1954. வெளியாள் ஏமாற்றியிருந்தால் பொலிஸ் நிலையம். இலஞ்சம் கொடுப்பதும் சட்டப்படி குற்றம் என்பதால், முறையிட முன்னர் சட்டத்தரணி ஒருவரிடம் நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். கையில் காசில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. அந்தத் தரகர் இன்று உங்கள் பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கக்கூடும்; அவர்களிடமும் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.