பீடித் தட்டிலிருந்து பட்டப் படிப்புக்கு

குற்றாலச் சாரலை நாடறியும். அம்மலையடிவார ஊர்களில் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பீடி சுற்றும் தாய்மாரை அறிந்தோர் சிலரே. தென்காசி, கடையநல்லூர் வட்டாரங்களில் இத்தொழிலை நம்பியிருப்போரில் ஏழை முஸ்லிம் குடும்பங்களும் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மகளுக்கு இரு வழிகள்: ஒன்று கல்லூரி, மற்றொன்று தாயின் பீடித் தட்டு.

சலுகைகள் இல்லாமல் இல்லை. பீடித் தொழிலாளர் நலநிதிச் சட்டம் 1976-இல் வந்தது. அந்நலத் திட்டத்தின்கீழ்த் தொழிலாளர் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை கிடைத்தது. பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்குத் தமிழக அரசு 2007-இல் 3.5 விழுக்காடு இடம் ஒதுக்கியது. அரசுப் பள்ளியில் பயின்ற பெண்கள் உயர்கல்வி கற்க மாதம் ரூ.1,000 வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022-இல் தொடங்கியது.

ஆயினும் சலுகை தானாக வீடு தேடி வருவதில்லை. தாயின் தொழிலாளர் அடையாள அட்டை, வருமானச் சான்று, சாதிச் சான்று, வங்கிக் கணக்கு யாவும் உரிய காலத்தில் வேண்டும். பெயரில் ஓரெழுத்து மாறினும் விண்ணப்பம் நின்றுவிடும். எழுதப் படிக்க அறியாத பெற்றோர் என் செய்வர்? இங்கேதான் ஆசிரியரின் தொண்டு தொடங்குகிறது. தேர்வுக்கு முன்பே சான்றுகளைச் சரிபார்க்கும் ஆசிரியர் பாதிக் கதவைத் திறந்துவிடுகிறார்.

மறுபாதி, பெற்றோரின் அச்சம். வீட்டுக்கே சென்று, “குற்றாலத்தில் 1964 முதல் பராசக்தி மகளிர் கல்லூரி இருக்கிறதே, அம்மா! காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம்” என்று ஓர் ஆசிரியை எடுத்துரைத்தால் அவ்வச்சம் தணியும்.

மாணவ நண்பர்களே! விடுமுறையில் ஊர் செல்லும்போது, பக்கத்து வீட்டுத் தங்கையின் விண்ணப்பத்தை நீங்களும் நிரப்பிக் கொடுங்கள். நாம் பெற்ற கல்விக்கு அதுவே கைம்மாறு.