வீடியோ கேம்களில் வழிகாட்டி: எப்போது உதவி, எப்போது இழப்பு?

புதுதில்லி: வீடியோ கேம் ஒன்றில் மணிக்கணக்கில் முயன்றும் அடுத்த கட்டத்துக்குச் செல்ல இயலாதபோது, இணையத்தில் விடையைத் தேடிப் பார்ப்பது சரியா என்ற கேள்வி விளையாடுவோரிடையே 40 ஆண்டுகளாக விவாதிக்கப்பட்டு வருகிறது. விளையாடிக்கொண்டிருக்கும்போதே திரையில் ஆலோசனை வழங்கும் செயற்கை நுண்ணறிவு உதவியாளரை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025-ஆம் ஆண்டில் சோதனை முறையில் அறிமுகப்படுத்தியுள்ள நிலையில், இக்கேள்வி மீண்டும் முக்கியத்துவம் பெற்றுள்ளது.

வழிகாட்டியைப் பார்ப்பது ஏமாற்று வேலை என்று ஒரு தரப்பினரும், பணம் கொடுத்து வாங்கிய விளையாட்டை விரும்பியவாறு விளையாடலாம் என்று மற்றொரு தரப்பினரும் வாதிடுகின்றனர். ஆனால், விளையாட்டுகளின் வரலாற்றையும் கற்றல் குறித்த ஆய்வுகளையும் பார்க்கும்போது, இதற்கான பதில் விளையாட்டுக்கு விளையாட்டு மாறுபடுவதைக் காண முடிகிறது.

நூலாகத் தொடங்கிய உதவி

ஜப்பானின் நாம்கோ நிறுவனம் 1984-இல் வெளியிட்ட ‘டவர் ஆஃப் ட்ருவாகா’ விளையாட்டில் 60 தளங்கள் உண்டு. தளங்களில் மறைந்துள்ள பொருள்களை வெளிக்கொணரும் வழி எங்கும் விளக்கப்படவில்லை. விளையாட்டுக் கூடங்களுக்கு வந்தவர்கள் தாங்கள் கண்டறிந்தவற்றைக் குறிப்பேடுகளில் எழுதி ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொண்டனர். அடுத்த ஆண்டு வெளியான ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ விளையாட்டுக்கான வழிகாட்டி நூல், அந்நாட்டில் மிக அதிகமாக விற்பனையான நூல்களில் ஒன்றாக இடம்பெற்றது.

அமெரிக்காவில் 1988-இல் தொடங்கப்பட்ட ‘நின்டெண்டோ பவர்’ இதழ், வரைபடங்களையும் உத்திகளையும் வெளியிட்டு 2012 வரை நீடித்தது. 1995-இல் ‘கேம்ஃபேக்ஸ்’ இணையதளம் உருவானது. ரசிகர்கள் எழுதிய வழிகாட்டிகள் அதில் இலவசமாகக் கிடைத்தன. அச்சு வழிகாட்டிகளின் முன்னணிப் பதிப்பகமான ‘பிரைமா கேம்ஸ்’, நூல் வெளியீட்டை நிறுத்துவதாக 2018-இல் அறிவித்தது. நூலகத்தைத் தேடிச் சென்று அல்லது விலை கொடுத்து வாங்கிப் படித்த உதவி, இன்று சில நொடிகளில் கைப்பேசிக்கே வந்துவிடுகிறது.

வழிகாட்டி தேவைப்படும் இடங்கள்

சில விளையாட்டுகளில் தடை ஏற்படுவதற்குக் காரணம் விளையாடுபவரின் திறன் குறைவு அன்று. விளையாட்டு போதிய தகவலைத் தராததே காரணமாகும். 1987-இல் வெளியான ‘கேசில்வேனியா 2’ விளையாட்டில், சிவப்புப் படிகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு குன்றின் முன் சில விநாடிகள் மண்டியிட்டால் மட்டுமே சூறாவளி தோன்றிக் கதாநாயகனை அடுத்த இடத்துக்குக் கொண்டுசெல்லும். இதற்கான குறிப்பு ஆங்கிலப் பதிப்பில் தெளிவாக இல்லாததால், பலர் அந்த இடத்திலேயே நின்றுவிட்டனர்.

2006-இல் வெளியான ‘ஃபைனல் ஃபேன்டசி 12’ இதற்கு மற்றோர் எடுத்துக்காட்டு. அதன் மிக வலிமையான ஈட்டியை எளிதில் பெற வேண்டுமெனில், குறிப்பிட்ட நான்கு பெட்டிகளைத் திறக்காமல் விட வேண்டும். எந்தப் பெட்டிகள் என்பதற்கு விளையாட்டில் எவ்விதக் குறிப்பும் இல்லை. பின்னர் வெளியான மறுபதிப்பில் இந்த நிபந்தனை நீக்கப்பட்டது. இத்தகைய இடங்களில் எவ்வளவு சிந்தித்தாலும் விடையை ஊகிக்க இயலாது என்பதால், வழிகாட்டியைப் பார்ப்பதால் எதுவும் இழக்கப்படுவதில்லை.

மறக்க இயலாத விடை

இதற்கு நேர்மாறானது 2019-இல் வெளியான ‘அவுட்டர் வைல்ட்ஸ்’. விண்வெளிப் பயணத்தை மையமாகக் கொண்ட இவ்விளையாட்டு, 22 நிமிடங்களுக்கு ஒருமுறை தொடக்கத்துக்கே திரும்பிவிடும். புதிய ஆயுதங்களோ கூடுதல் ஆற்றலோ கிடைப்பதில்லை. விளையாடுபவர் ஒவ்வொரு சுற்றிலும் அறிந்துகொள்ளும் செய்தியே அவரது ஒரே முன்னேற்றம். விடைகள் அனைத்தும் தெரிந்த ஒருவர் ஒரே சுற்றுக்குள் கதையின் இறுதியை எட்டிவிட முடியும். அதாவது, இங்கு வழிகாட்டியைப் படிப்பதும் விளையாட்டைச் செலவழித்துவிடுவதும் ஒன்றே. படித்ததை மறந்துவிட்டு மீண்டும் முதல்முறையாக விளையாட எவராலும் இயலாது.

திறன் சார்ந்த விளையாட்டுகள் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவை. 2022-இல் வெளியான ‘எல்டன் ரிங்’ விளையாட்டில், எதிரியின் தாக்குதல் எப்போது வரும் என்று வழிகாட்டி கூறினாலும், அதைத் தவிர்க்கும் கைவேகத்தைப் பயிற்சியால் மட்டுமே பெற முடியும். அதே விளையாட்டில் துணைக் கதைகளைப் பதிவு செய்யும் குறிப்பேடு இல்லாததால், கதைமாந்தர்களைத் தேடிப் பலர் இணையத்தை நாடினர். வெளியான மறு மாதமே, சந்தித்த கதைமாந்தர்களின் இருப்பிடத்தை வரைபடத்தில் காட்டும் வசதியைத் தயாரிப்பு நிறுவனம் சேர்த்தது.

ஆய்வுகள் கூறுவது என்ன?

உதவியின்றி முயல்வதன் பயனை விளக்கும் முக்கிய ஆய்வுகளில் ஒன்று இந்திய மாணவர்களிடம் நடத்தப்பட்டது. கல்வியியல் ஆய்வாளர் மனு கபூர் 2008-இல் வெளியிட்ட அந்த ஆய்வில், 11-ஆம் வகுப்பு அறிவியல் மாணவர்களுக்கு இயக்கவியல் கணக்குகள் குழுவாகத் தீர்க்க அளிக்கப்பட்டன. ஒழுங்கற்ற, சிக்கலான கணக்குகளைப் பெற்ற குழுக்கள் முதலில் தடுமாறின. ஆனால், பின்னர் தனித்தனியே நடந்த தேர்வில் அக்குழுக்களின் மாணவர்களே, எளிதாக அமைக்கப்பட்ட கணக்குகளைத் தீர்த்தவர்களைவிடச் சிறப்பாகச் செயல்பட்டனர். இதனை அவர் ‘பயனுள்ள தோல்வி’ என்று குறிப்பிட்டார்.

அதேவேளையில், ஆஸ்திரேலிய உளவியலாளர் ஜான் ஸ்வெல்லரும் கிரஹாம் கூப்பரும் 1985-இல் இயற்கணிதம் குறித்து வெளியிட்ட ஆய்வு வேறொரு கோணத்தைக் காட்டியது. தொடக்க நிலையில் உள்ளோர், தாமே தீர்க்க முயல்வதைவிடத் தீர்க்கப்பட்ட எடுத்துக்காட்டுகளைப் படிப்பதன் மூலம் விரைவாகக் கற்கின்றனர் என்பதே அதன் முடிவு. அனுபவம் கூடக்கூட அதே உதவி தடையாக மாறிவிடும் என்பதைப் பிற்கால ஆய்வுகள் எடுத்துரைத்தன. இவை வகுப்பறை ஆய்வுகள் என்றாலும், விளையாட்டுக்குப் புதியவருக்குத் தேவைப்படும் உதவி பழகியவருக்குத் தேவைப்படாது என்ற புரிதலை வழங்குகின்றன.

துப்பு வேறு, விடை வேறு

முழு விடையையும் தராமல் சிறிது சிறிதாக உதவும் முறையும் பழமையானதே. அமெரிக்காவின் இன்ஃபோகாம் நிறுவனம் 1980-களில் தனது உரைவடிவ விளையாட்டுகளுக்கு ‘இன்விசிக்ளூஸ்’ என்ற கையேடுகளை விற்பனை செய்தது. துப்புகள் அனைத்தும் கண்ணுக்குத் தெரியாத மையில் அச்சிடப்பட்டிருக்கும். சிறப்புப் பேனாவால் தேய்த்தால் முதலில் மேலோட்டமான துப்பும், அடுத்தடுத்துத் தெளிவான துப்புகளும், கடைசியில் விடையும் தெரியும். எங்கு நிறுத்துவது என்பதை வாசகரே தீர்மானிக்கலாம்.

நின்டெண்டோ 2009-இல் வெளியிட்ட ‘நியூ சூப்பர் மாரியோ பிரதர்ஸ் வீ’ விளையாட்டில், ஒரே கட்டத்தில் எட்டு முறை தோற்றால், அந்தக் கட்டத்தைக் கணினியே கடந்து காட்டும் வசதி தோன்றும். அதை ஏற்பதும் மறுப்பதும் விளையாடுபவரின் விருப்பம்.

இந்தியச் சூழலில் மற்றொரு தேவையும் உள்ளது. பெரிய நிறுவனங்களின் பெரும்பாலான விளையாட்டுகள் இந்திய மொழிகளில் வெளிவருவதில்லை. ஆங்கிலம் சரளமாகத் தெரியாதவர்களுக்குத் தமிழ், இந்தி உள்ளிட்ட மொழிகளில் பதிவேற்றப்படும் விளக்கக் காணொலிகள் மொழிபெயர்ப்பாகவும் பயன்படுகின்றன. வேலை, படிப்புக்கு இடையே வாரத்தில் ஓரிரு மணி நேரம் மட்டுமே விளையாட இயலுவோருக்கும், உடல் குறைபாடு காரணமாக விரைந்து செயல்பட இயலாதோருக்கும் வழிகாட்டி இல்லையெனில் பாதி விளையாட்டு எட்டாமலே போய்விடும்.

முடிவு செய்வது எப்படி?

தடை ஏற்படும்போது முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது, தேவைப்படும் விடை விளையாட்டுக்குள்ளேயே கிடைக்கிறதா என்பதாகும். கிடைக்கவில்லை எனில் தயக்கமின்றி வழிகாட்டியை நாடலாம். கிடைக்கிறது எனில், சிறிது ஓய்வெடுத்து மீண்டும் முயல்வது பலன் தரக்கூடும். அதன் பிறகும் இயலாதபோது, முழு விளக்கக் காணொலியைவிட ஒரு சிறு துப்பைத் தேடுவது நல்லது. கதையும் கண்டுபிடிப்பும் முதன்மையாக உள்ள விளையாட்டுகளை முதல்முறை உதவியின்றியும், விடுபட்டவற்றைக் காண இரண்டாம் முறை வழிகாட்டியுடனும் விளையாடலாம்.

கேட்டவுடன் விடை கூறும் செயற்கை நுண்ணறிவு உதவியாளர்கள் பரவலாகும்போது, உதவி கிடைக்குமா என்ற கவலை இருக்காது. கண்ணுக்குத் தெரியாத மையைத் தேய்த்தவர்களுக்கு இருந்த, பாதியில் நிறுத்தும் வாய்ப்பு அவற்றிலும் இருக்குமா என்பதே இனி கவனிக்கப்பட வேண்டியது.