பிறை பார்த்து நோன்பு, பருவம் பார்த்து விதைப்பு



கடந்த ஆண்டு ரமலானில் மளிகைப் பையோடு முருங்கைக் கன்றும் கறிவேப்பிலைக் கன்றும் கொடுத்தோம். நிய்யத் நல்லதுதான். ஆனால் அப்போது மாசி முடிந்து பங்குனி பிறந்திருந்தது. வேர் பிடிப்பதற்குள் சித்திரை வெயில் வந்துவிட்டது. பல வீடுகளில் கன்றுகள் கருகிப்போயின. "எங்க கைராசி சரியில்லை" என்று சில தாய்மார்கள் வருந்தினார்கள். குறை அவர்கள் கையில் இல்லை. நாங்கள் கொடுத்த காலம்தான் தவறு.

ஹிஜ்ரி ஆண்டு சந்திரக் கணக்கில் சுமார் 354 நாட்கள். சூரிய ஆண்டைவிட 10 அல்லது 11 நாட்கள் குறைவு. அதனால்தான் 2000-ஆம் ஆண்டில் கார்த்திகை மழையில் தொடங்கிய ரமலான், 2020-இல் சித்திரை வெயிலில் தொடங்கியது. ஏறத்தாழ 33 ஆண்டுகளில் அது எல்லாப் பருவங்களையும் சுற்றி வந்துவிடும். மழையும் வெயிலும் அப்படி நகர்வதில்லை. எனவே செடிகளுக்கு ஆடி, தை என்ற கணக்கே உதவும்.

தமிழ் மாதம் பார்த்து விதைப்பது கூடுமா என்று சிலர் தயங்குகிறார்கள். ராகு காலம், நல்ல நேரம் பார்ப்பது வேறு. மழை வரும் காலம் பார்ப்பது வேறு. நம் மார்க்கமே இதற்கு இடம் தந்திருக்கிறது. பணத்துக்கு ஜகாத் கொடுக்க ஒரு ஹிஜ்ரி ஆண்டு நிறைவடைய வேண்டும். ஜகாத் கடமையாகும் விளைச்சலுக்கோ அந்த நிபந்தனை இல்லை; அறுவடையே அதற்குரிய நேரம். மழையால் விளைந்ததில் பத்தில் ஒரு பங்கு, உழைத்து நீர் இறைத்து விளைவித்ததில் இருபதில் ஒரு பங்கு என்று பிரித்திருப்பதும் நாம் அறிந்ததே.

நம் பகுதிக்கு ஏற்ற கணக்கு இதுதான்:

ஆடி, ஆவணி: வெண்டை, கத்தரி, அவரை, பாகல், புடலை, சுரை ஆகியவற்றை விதைக்கலாம். பந்தல் அவரையின் நாட்டு ரகங்கள் பனிக்காலத்தில்தான் பூக்கும். ஆடியில் விதைத்தால் அதற்குள் கொடி நன்றாகப் படர்ந்துவிடும்.

புரட்டாசி: முருங்கைப் போத்து, கறிவேப்பிலை, எலுமிச்சைக் கன்றுகளை மழைக்கு முன்பே நட்டுவிட வேண்டும். வடகிழக்குப் பருவமழை நமக்காக நீர் ஊற்றும்.

ஐப்பசி, கார்த்திகை: புதிதாகக் கீரை விதைத்தால் அடைமழை அடித்துப் போய்விடும். செடியின் அடியில் நீர் தேங்காமல் வடிகால் எடுப்பதே இப்போதைய வேலை. முருங்கையின் அடியில் நீர் நின்றால் வேர் அழுகிவிடும்.

தை, மாசி: தக்காளி, கத்தரி, கீரை வகைகள். சிறுகீரை ஒரு மாதத்துக்குள் சமையலறைக்கு வந்துவிடும்.

பங்குனி முதல் வைகாசி வரை: புதிதாக எதையும் நட வேண்டாம். இருப்பதைக் காப்பாற்றினால் போதும். காய்ந்த இலை, தேங்காய் மட்டைகளை வேரைச் சுற்றிப் பரப்புங்கள். ஃபஜ்ருக்குப் பின்னும் அஸருக்குப் பின்னும் மட்டும் நீர் ஊற்றுங்கள்.

நீருக்கு எங்கே போவது என்ற கவலை நியாயமானதே. நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில், அதாவது ஒரு லிட்டருக்கும் குறைவான நீரில் உளூ செய்திருக்கிறார்கள். நாமோ குழாயைத் திறந்துவிட்டு எவ்வளவோ வீணாக்குகிறோம். உளூச் செய்த நீரையும் அரிசி கழுவிய நீரையும் ஒரு வாளியில் பிடித்து வைத்தால், கோடையில் நான்கைந்து செடிகள் தாங்கிவிடும்.

தோட்டம் வேண்டுமென்றால் பெரிய இடம் தேவை என்றில்லை. மாடியில் நான்கு சாக்குப் பைகள் இருந்தால் போதும். அன்றாடக் கூலியில் வாழும் வீட்டில் ஒரு முருங்கை நின்றால், காசில்லாத நாளிலும் பிள்ளைகளின் தட்டில் கீரை இருக்கும். ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதரோ பறவையோ விலங்கோ உண்டால் அது அவருக்கு சதகா என்ற நபிமொழியை நாம் பயானில் கேட்கிறோம். நட்ட மரம் பிழைத்தால்தானே பறவைக்கும் பங்கு கிடைக்கும்?

ஆகவே இந்த ஆண்டு ரமலான் பையில் மளிகை மட்டுமே இருக்கும். விதைகளை ஆடி முதல் வாரத்திலும் கன்றுகளைப் புரட்டாசியிலும் தர முடிவு செய்துள்ளோம், இன்ஷா அல்லாஹ். கடந்த முறை கன்று கருகிய வீடுகளுக்கே முதலிடம். பெயர் கொடுக்க விரும்புவோர் அஸர் தொழுகைக்குப் பின் அலுவலகத்துக்கு வரலாம். சாக்குப் பையும் மண்ணும் இப்போதே தயாராகட்டும்.

வஸ்ஸலாம்.