பெருவழியோர நிலமும் அடுக்குமாடி வீடும்

கடல் கடந்து குடியேறிய ஊரில் சொந்த வீடு ஒன்று அமைய வேண்டும் என்பது நம்மவர் அனைவருக்கும் இயல்பான விருப்பம். அந்தமான் தீவுகளில் இவ்விருப்பம் எளிதில் நிறைவேறுவதில்லை. அங்கே பத்தில் எட்டுப் பங்குக்கு மேற்பட்ட நிலம் காடு. 2011-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, அந்தமான் நிக்கோபார்த் தீவுகளின் மக்கள் தொகை 3,80,581. அவர்களுள் நூற்றுக்கு ஏறத்தாழப் பதினைந்து பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர். 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பெற்ற போர்ட் பிளேரில் இடம் குறுகக் குறுக, அந்தமான் பெருவழியை ஒட்டிய நிலங்களை மக்கள் நாடுகின்றனர். அவ்விளைநிலங்களைக் குடியிருப்பு நிலமாக வகை மாற்றி, அடுக்குமாடி வீடுகளுக்கு இடம் கொடுக்கலாமா?

வகை மாற்றம் என்பது யாது? ஒரு நிலம் விவசாயத்திற்கா, வீட்டிற்கா, வாணிபத்திற்கா என அரசு வகுத்து வைத்துள்ளது. எவ்வளவு கட்டலாம் என்பதைத் தளப்பரப்புக் குறியீடு என்ற எண் வரையறுக்கிறது. 2,400 சதுர அடி கொண்ட ஒரு கிரவுண்டு மனைக்கு அவ்வெண் 2 என்றால், எல்லாத் தளங்களையும் சேர்த்து 4,800 சதுர அடி கட்டலாம். எண் உயர்ந்தால் அதே மண்ணில் அதிகக் குடும்பங்கள் வாழ முடியும்.

போக்குவரத்துப் பாதையின் ஓரத்தில் இவ்வெண்ணை உயர்த்துவதற்குக் காரணம் உண்டு. பிரேசில் நாட்டின் குரிடிபா நகரம் 1974-இல் பேருந்துக்கெனத் தனிப்பாதை அமைத்தது. அதன் இரு மருங்கிலும் உயர்ந்த கட்டடங்களை அனுமதித்து, விலக விலக உயரத்தைக் குறைத்தது. நடந்து சென்றே பேருந்து ஏறுவோர் பெருகினர். பயணிகள் பெருகவே பேருந்துகளும் பெருகின.

எனினும் அந்தமானில் சாலை இருப்பது மட்டும் போதாது. முதலில் மண்ணைப் பார்க்க வேண்டும். 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் தென் அந்தமான் தாழ்ந்தது. பெருவழியிலுள்ள சிப்பிகாட்டில் வயல்களைக் கடல்நீர் கொண்டது. நிலநடுக்க அபாயம் மிகுந்த இத்தீவுகளில் கட்டட அமைப்பும் முக்கியம். 2001-இல் குஜராத் நிலநடுக்கத்தின்போது, கீழ்த்தளத்தைச் சுவரின்றித் தூண்கள் மீது வாகனங்களுக்காக விட்ட அடுக்குமாடிகள் பல அகமதாபாத்தில் இடிந்து விழுந்தன.

அடுத்தது தண்ணீர். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்தும், தனிக்காரி அணையை நம்பியுள்ள நகரத்திற்குக் கோடையில் தட்டுப்பாடு நேர்கிறது. நான்கு குடும்பம் இருந்த இடத்தில் நாற்பது குடும்பத்தைக் குடியேற்றுமுன், நாற்பது குடும்பத்திற்கும் நீர் எங்கிருந்து வரும் என்று கேட்பது முறை.

மூன்றாவது எல்லை. பெருவழி ஜிர்காடாங்கைக் கடந்ததும் ஜாரவாப் பழங்குடியினரின் காப்பு நிலம் தொடங்குகிறது. 1956-ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குவிதி அதனைக் காக்கிறது. சாலை தொடர்ந்தாலும் குடியிருப்பு அங்கே தொடரலாகாது.

இவை அரசின் கடமைகள். வாங்குவோர் கடமையும் ஒன்றுண்டு. அடுக்குமாடி வீட்டை வாங்குபவர் உண்மையில் வாங்குவது, சுவர்களோடு, அடிமண்ணில் பிரிக்கப்படாத ஒரு பங்கு. அந்நிலம் முறைப்படி வகை மாற்றப்படாததாயின், பங்கும் ஐயத்திற்கு உரியதாகிவிடும். 2016-ஆம் ஆண்டின் மனை வணிகச் சட்டப்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ எட்டுக்கு மேற்பட்ட வீடுகளாகவோ அமையும் திட்டம் பதிவு பெற்ற பிறகே விற்பனைக்கு வரவேண்டும். தமிழ்நாட்டு மனை வணிக ஒழுங்குமுறை ஆணையமே அந்தமானுக்கும் ஆணையமாக அமைந்திருப்பது நம்மவர்க்கு ஒரு வசதி.

ஆகவே, முன்பணம் கொடுக்குமுன் மூன்றைக் கேட்டுப் பெறுவோம்: நிலத்தின் உரிமைப் பதிவு, வகை மாற்ற ஆணை, ஆணையத்தின் பதிவு எண். வாழ்நாள் உழைப்பின் சேமிப்பு உறுதியான மண்ணிலும் உறுதியான உரிமையிலும் நிற்கட்டும்.