வேதத்துக்கு வந்தவர்கள் ஏன் வந்தார்கள், தெரியுமா?

பிள்ளையார் கோயில், பள்ளிவாசல், சபை மூன்றையும் தாராவியில் ஒரே நடையில் பார்த்துவிடலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே திருநெல்வேலிச் சீமையை விட்டுத் தோல் ஷாப்பு வேலைக்கு வந்தவர்களின் கொள்ளுப்பேரன் பேத்திகள் மூன்று இடங்களிலும் கைகூப்புகிறார்கள், தொழுகிறார்கள், ஜெபிக்கிறார்கள். அவர்களில் கிறிஸ்தவ வீட்டுப் பெரியவர்கள் “பாட்டன் காலத்துல வேதத்துக்கு வந்தோம்” என்பார்கள். ஏன் வந்தார்கள்? இத்தனை மதங்கள் பக்கத்திலேயே இருக்க, ஒருவர் ஏசுவை மட்டும் எதற்காகப் பிடித்துக்கொண்டார்? மும்பையும் நெல்லையும் குமரியும் இதற்கு வைத்திருக்கும் பதில்களைக் கேட்டால் மெய்சிலிர்க்கும்!

முதலில் பண்டித ரமாபாய். கிர்காவ் சௌபாட்டி கடற்கரைக்குப் போகாத மும்பைத் தமிழர் இல்லை. அந்தச் சௌபாட்டிப் பக்கத்தில் 1889 மார்ச் 11 அன்று விதவைப் பெண்களுக்காக ‘சாரதா சதன்’ என்ற பள்ளி தொடங்கியதும், அதைத் தொடங்கியவர் கிறிஸ்தவரான ஒரு சமஸ்கிருத மேதை என்பதும் எத்தனை பேருக்குத் தெரியும்?

ரமாபாய் பிறந்தது 1858-இல். தந்தை அனந்த சாஸ்திரி டோங்ரே தன் மனைவிக்குச் சமஸ்கிருதம் கற்பித்த ‘குற்றத்துக்காக’ ஊரின் பகையைச் சம்பாதித்தவர். குடும்பம் முழுவதும் கோயில் கோயிலாக நடந்து, புராணம் வாசித்து, கிடைத்ததைச் சாப்பிட்டது. 1870-களின் பஞ்சம் வந்தது. நம் சென்னை மாகாணத்து மண்ணில்தான் அந்தக் குடும்பம் பசியால் சிதைந்தது: அப்பா போனார், அம்மா போனார், அக்காவும் போனார். மிஞ்சிய அண்ணனும் தங்கையும் கால்நடையாக நாடு சுற்றி 1878-இல் கல்கத்தா சேர்ந்தார்கள். அங்குள்ள பண்டிதர்கள் இருபது வயதுப் பெண்ணைச் சோதித்துப் பார்த்து அசந்துபோய் ‘பண்டிதா’, ‘சரஸ்வதி’ என்ற பட்டங்களைக் கொடுத்தார்கள். பெண்ணுக்கு அப்படிப் பட்டம் கொடுப்பது அன்று கேள்விப்படாத விஷயம்!

பட்டம் கிடைத்த இடத்திலேயே அவருடைய கேள்வியும் பிறந்தது. தர்ம சாஸ்திரங்களைப் புரட்டப் புரட்ட, பெண்ணுக்கும் சூத்திரருக்கும் முக்தி வாசல் அடைத்தே இருப்பதைக் கண்டதாகப் பின்னாளில் தன் சாட்சியத்தில் அவரே எழுதினார். சாதி பார்க்காமல் ஒரு வங்காள வக்கீலை மணந்தார். இரண்டே ஆண்டில், 1882-இல், காலரா கணவரைக் கொண்டுபோனது. கையில் குழந்தை மனோரமா. அடுத்த ஆண்டு இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்.

அங்கே அவரை அசைத்தது பிரசங்கம் இல்லை. லண்டன் ஃபுல்ஹாமில் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஒரு விடுதியைப் பார்த்தார். ஊர் ‘கெட்டுப்போனவர்கள்’ என்று ஒதுக்கிய பெண்களை அந்தச் சகோதரிகள் முகம் சுளிக்காமல் பராமரித்துக்கொண்டிருந்தார்கள். இப்படிப்பட்ட பெண்களுக்குத் தண்டனைதான் உண்டு என்று மட்டுமே அதுவரை கேட்டிருந்தவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. “இவர்களை ஏன் இப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள்?” என்று கேட்டார். பதிலாக ஒரு சகோதரி யோவான் சுவிசேஷத்தின் நான்காம் அதிகாரத்தை வாசித்துக் காட்டினார். கிணற்றடியில் ஒரு சமாரியப் பெண்ணிடம் ஏசு தண்ணீர் கேட்கும் கதை. யூதர்கள் தீண்டத்தகாதவராக நினைத்த இனம், அதிலும் பெண், அதிலும் ஊர் வாயில் விழுந்த பெண். அவளிடம் கடவுளின் மகன் கைநீட்டித் தண்ணீர் கேட்கிறார்! இந்தியாவின் நசுக்கப்பட்ட பெண்ணைத் தூக்கிவிடக்கூடியவர் இவரே என்று ரமாபாய் முடிவுகட்டினார். 1883 செப்டம்பர் 29 அன்று ஞானஸ்நானம்.

அதோடு அடங்கிப்போனாரா? இல்லவே இல்லை. தனக்கு ஞானஸ்நானம் கொடுத்த சபையின் கொள்கைகளோடே மல்லுக்கு நின்றார். புரோகிதர் ஆணையிலிருந்து ஒருவழியாக விடுபட்டு வந்தவள் இன்னொரு ஆணைக்குள் போகமாட்டேன் என்பது அவர் நிலை. அவர் பிடித்தது ஏசுவை. திரும்பி வந்து சௌபாட்டியில் பள்ளி, அடுத்த ஆண்டு புனே, பிறகு கேட்காவில் ‘முக்தி’ இல்லம். பஞ்சத்தில் தெருவுக்கு வந்த சிறுமிகளையும் பெண்களையும் அள்ளி வந்தார். ஒரு கட்டத்தில் சுமார் 2,000 பேர் அங்கே இருந்தார்கள்! எபிரேயமும் கிரேக்கமும் கற்றுக்கொண்டு வேதாகமத்தை மராத்தியில் மொழிபெயர்த்தார். அதை அச்சுக்கோத்தது அந்த இல்லத்துப் பெண்கள்.

ரயிலில் கிடைத்த புத்தகம் ஒரு கவிஞரைத் திருப்பிய கதை தெரியுமா? மராத்திக் கவிஞர் நாராயண் வாமன் திலக் 1893-இல் ராஜ்நந்த்காவுக்கு ரயிலில் போகிறார். எதிரே உட்கார்ந்த வெள்ளைக்காரர் ஒரு புதிய ஏற்பாட்டைக் கொடுத்து, இரண்டு ஆண்டில் நீங்கள் கிறிஸ்தவராவீர்கள் என்கிறார். படிக்கத் தொடங்கியவரால் மலைப்பிரசங்கத்தைத் தாண்டமுடியவில்லை. 1895 பிப்ரவரி 10, பம்பாயில் ஞானஸ்நானம். சொன்னது சொன்னபடி இரண்டு ஆண்டுக்குள்! ஆனால் என்னை அதைவிட உலுக்குவது அவர் மனைவி லட்சுமிபாய். கணவர் மதம் மாறினார் என்று துடித்து அழுது, ஆண்டுக்கணக்கில் பிரிந்திருந்தவர். யாரும் அவரை வற்புறுத்தவில்லை. முதலில் அவரிடமிருந்து தீட்டு உதிர்ந்தது, யார் கைச் சோறும் சோறுதான் என்றானது. அதன்பின் 1900-இல் தானாகவே ஞானஸ்நானம் பெற்றார். இந்தப் பயணத்தை அவர் எழுதிய ‘ஸ்மிருதி சித்ரே’ மராத்தியின் ஆகச்சிறந்த தன்வரலாறுகளில் ஒன்று.

நம் ஆள் ஒருவருக்கு வருவோம். தாராவியிலும் செம்பூரிலும் இருக்கும் குமரி மாவட்டத்துக்காரர்களிடம் கேட்டுப்பாருங்கள், தேவசகாயம் பிள்ளையின் பெயரைச் சொன்னதுமே கண் விரியும். 1712-இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்ட பிள்ளை, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனை அதிகாரி. 1741 குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய் அவருக்கு நண்பரானார். வீட்டில் அடுக்கடுக்காக இழப்பு வந்து மனம் உடைந்திருந்த நேரத்தில், எல்லாவற்றையும் இழந்தும் கடவுளை விடாத யோபுவின் கதையை டிலனாய் சொன்னார். துன்பத்துக்குத் தண்டனை என்ற ஒரே விளக்கத்தைக் கேட்டு நொந்தவருக்கு அந்தக் கதை மருந்தானது. 1745-இல் நெல்லைச் சீமை வடக்கன்குளத்தில் திருமுழுக்கு. பிறகு மேல்சாதி அதிகாரி தாழ்த்தப்பட்டவர்களோடு சமமாகப் பழகத் தொடங்க, பொறுக்குமா ஊர்? எருமை மேல் பின்பக்கம் பார்க்க உட்காரவைத்து ஊர் ஊராக இழுத்தார்கள். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15 அன்று ரோமில் புனிதர் பட்டம். இந்தியப் பொதுநிலையினரில் முதல் புனிதர் ஒரு தமிழ் மண்ணின் மகன்!

இதே வடக்கன்குளத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், சொல்லாமல் விட்டால் அநியாயம். அந்த ஊர்க் கோயிலுக்குள் சாதிக்கு ஒரு பக்கமாகச் சுவர் வைத்திருந்தார்கள். சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்டவரின் பீடத்துக்கு முன்னால் சுவர்! 1910-இல்தான் அது இடிந்தது. கல்லறைத் தோட்டத்தில் இன்றும் சாதி பார்க்கும் ஊர்கள் உண்டு என்பது வெட்கக்கேடு.

இந்த வெட்கக்கேடு டாக்டர் அம்பேத்கரின் கண்ணிலிருந்து தப்பவில்லை. நம் மாட்டுங்காவிலிருந்து கூப்பிடு தூரத்தில், தாதர் நாய்காவில், 1936 மே மாதக் கடைசியில் மகார் மாநாடு கூடியது. இந்துவாகச் சாகமாட்டேன் என்று முந்தைய ஆண்டு இயோலாவில் அறிவித்தவர், ஏன் மதம் மாறவேண்டும் என்று அங்கே மக்களிடம் விளக்கினார். எந்த மதம் என்ற கேள்வியை இருபது ஆண்டு சுமந்து, இஸ்லாம், கிறிஸ்தவம், சீக்கியம் எல்லாவற்றையும் அலசி, 1956-இல் பௌத்தத்தைத் தழுவினார். கிறிஸ்தவர்கள் சாதியைக் கூடவே கொண்டுவந்துவிட்டார்கள் என்பது அவர் வைத்த கடும் விமர்சனம். நெல்லை மண்ணிலேயே 1981-இல் மீனாட்சிபுரத்து மக்கள் இஸ்லாமைத் தேர்ந்தெடுத்தார்கள். 1898-லேயே அயோத்திதாசர் பௌத்தத்துக்குப் போனார். ஒரே காயத்துக்கு மூன்று வாசல்கள். மூன்றும் மரியாதைக்குரியவை.

“கோதுமைக்கும் பால் பவுடருக்கும் மாறினவங்க” என்ற ஏச்சைக் கேட்டிருப்பீர்கள். அது உண்மையா? அம்பேத்கர் பேசிய காலத்தில் பம்பாயில் மெதடிஸ்ட் பிஷப்பாக இருந்தவர் வாஸ்கம் பிக்கெட். அதற்குமுன் அவர் இந்தியாவின் பல பகுதிகளில் கிறிஸ்தவர்களிடம் “ஏன் கிறிஸ்தவரானீர்கள்?” என்று நேராகக் கேட்டு ஆய்வு நடத்தி, 1933-இல் புத்தகமாகப் போட்டார். மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் பேர் ஆன்மிகக் காரணம் சொன்னார்கள். ஏறக்குறைய அதே அளவு பேர் பெற்றோர் கிறிஸ்தவர் என்பதால் கிறிஸ்தவர்கள். லாபம், உதவி என்று சொன்னவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை! கேட்டது ஒரு மிஷனரி என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளலாம்தான். சரி, சட்டத்தைப் பாருங்கள். 1950-இன் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் கிறிஸ்தவரானால் அந்தத் தகுதியும் அதற்கான இட ஒதுக்கீடும் போய்விடும். சீக்கியருக்கு 1956-லும் பௌத்தருக்கு 1990-லும் கதவு திறந்தது, கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் இன்னும் திறக்கவில்லை. ஒரு ஆதிதிராவிடர் சான்றிதழில் கிறிஸ்தவர் என்று எழுதிக்கொண்டால், மகனின் கல்லூரி இடத்தையும் மகளின் அரசு வேலையையும் பணயம் வைத்துத்தான் எழுதுகிறார். இதையா ஆசைக்கு மாறியது என்பது?

மதம் மாறாமலே மனம் கொடுத்தவர்கள் கதை வேறு. தாராவிக்கு அடுத்த மாஹிம் புனித மிக்கேல் கோயிலில் 1948 செப்டம்பர் 8 அன்று தொடங்கிய சகாய மாதா நவநாள் இன்றும் புதன்கிழமைதோறும் நடக்கிறது. வரிசையில் பொட்டு வைத்த பெண்களும் தொப்பி போட்டவர்களும் நிற்பார்கள். மாட்டுங்கா டான் பாஸ்கோ மாதா கோயிலும் அப்படித்தான். யாரும் அவர்களிடம் மதம் கேட்பதில்லை.

கூட்டிப் பார்த்தால் எனக்குத் தெரிவது இதுதான். தத்துவத்தைத் தத்துவத்தோடு ஒப்பிட்டு மதிப்பெண் போட்டு யாரும் ஏசுவிடம் வரவில்லை. ஒதுக்கப்பட்டவரைத் தேடி இறங்கி வந்து, தானே அடிபட்டுச் செத்த ஒரு கடவுளைக் கேள்விப்பட்டு வந்தார்கள். விதவைக்கு அது கிணற்றடிக் கதை, துக்கத்தில் இருந்தவருக்கு யோபு, கவிஞருக்கு மலைப்பிரசங்கம்.

உங்கள் வீட்டிலும் ஒரு கதை இருக்கும். எந்த ஊரில், எந்த உபதேசியார் காலத்தில், யார் முதலில், என்ன கேட்டு, என்ன இழந்து வேதத்துக்கு வந்தார்கள் என்பது ஆச்சிக்குத்தான் தெரியும். இந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள், செல்போனில் பதிவு செய்து வையுங்கள். தாராவியில் வீடுகள் இடிபடும் காலம் இது. தள்ளிப்போடாதீர்கள்.